மூன்றாவது குவியல்

நாங்கள் தளம் போடும் கல்லூரியில்தான் எங்கள் தெருப் பெண் பிரகதீஸ்வரி படிக்கிறாள். ஃபஸி லாஜிக் என்று, ஆமாம்-இல்லைக்கு நடுவில் எவ்வளவு என்று அளக்கிற ஒரு பாடமாம். நான் கலவை போடும் இடத்தைச் சுற்றி அங்கங்கே கிடந்த மூன்று மணல் குவியலும் எவ்வளவு ஈரம் என்று பூஜ்யத்துக்கும் ஒன்றுக்கும் நடுவில் எண் போடச் சொல்லி, காலையில் ஒரு தாள் கொடுத்தாள். மூன்றுக்கும் ஒன்று என்று எழுதிக் கொடுத்தேன். மதியம் ஓடி வந்தாள்.

"அண்ணே, காஞ்ச மணலுக்குமா ஒண்ணு?"

"கொறச்சுப் போட்டா ஒனக்கு மார்க்கு கொறஞ்சிருமேன்னுதான் ஆத்தா..."

"இது எனக்குப் போடுற மார்க் இல்லண்ணே! காஞ்சிருந்தா பூஜ்யம், சொதசொதன்னு இருந்தா ஒண்ணு. மூணு மணிக்குள்ள குடுக்கலைன்னா சார் எனக்குத்தான் பூஜ்யம் போடுவாரு."

மேலேயிருந்து கொத்தனார் கத்தினார். "அங்கிட்டு என்னய்யா பரீட்சை? கலவைய அனுப்பு!"

நாற்பது வயதுக்கு மேல் எழுத்துப் படித்தவன் நான். பேனா பிடித்தாலே கை வியர்க்கும். அறைக்குள் கொட்டியிருந்த மணல் பிடியில் நிற்காமல் உதிர்ந்தது. பூஜ்யம். நேற்று மழையில் கிடந்தது விரலிடுக்கில் தண்ணீர் விட்டது. ஒன்று. கிழிந்த தார்ப்பாய்க்குக் கீழே இருந்தது, உருண்டையாக நின்று ஓரம் மட்டும் உடைந்தது. 0.6 என்று எழுதினேன். வாங்கிக்கொண்டு ஓடினாள்.

இத்தனை வருஷமும் அந்த மாதிரி மணலுக்கு யோசிக்காமல் அரை வாளி தண்ணீரைக் குறைத்திருக்கிறேன். இப்போது வாளியைத் தூக்கினால் கை நின்றது. இன்னொரு பிடி அள்ளி அழுத்தினேன். பாதிக்கு மேல் உடைந்தது; நான் எழுதிய 0.6 அதிகம்.

மணி மூன்றுக்குப் பத்து நிமிடம் இருந்தது.

"கொத்தனாரே, செத்த பொறுங்க!" என்று கத்திவிட்டு, மணலை மூடிய கையோடு அவள் போன பக்கம் ஓடினேன்.