டெனினுக்கு வந்த நாக்கு

குன்னூருக்குக் கீழே இருக்கும் அந்தத் தேயிலை ஃபேக்டரியில் போதை ஒழிப்பு உறுதிமொழியை எல்லாரையும்விடக் கத்திச் சொன்னவன் டெனின்தான். அதுவும் எப்படி? கீழுதட்டுக்குள்ளே புகையிலைப் பொட்டலத்தை அடக்கிக்கொண்டு. அடப்பாவி! பக்கத்தில் கையை நீட்டி நின்ற ஸ்டெபிக்குச் சிரிப்பை அடக்குவதே பெரும்பாடாகிவிட்டது.

அந்தச் சிரிப்பு மதியம் வரைக்கும்கூடத் தாங்கவில்லை. இலை அரைக்கும் மிஷின் முன்னால் நின்ற டெனினுக்குக் கிறுகிறுத்துவிட்டது. ஸ்டெபி காலரைப் பிடித்து இழுக்காவிட்டால் ஐந்து விரலும் ரோலருக்குள் போயிருக்கும்.

"ஒண்ணுமில்லீங்க்கா, பசி மயக்கம்" என்று இளித்தான்.

டெனின் அவளுக்குச் சித்தி மகன். ஆபீசில் சொன்னால் வேலை போய்விடும், சொல்லாவிட்டால் கை போய்விடும். புத்தி சொல்லலாமென்றால், இவனும் இவன் கூட்டாளி தினேஷ்குமாரும் சரக்கை ஒளித்து வைப்பதே 'புகையிலை தவிர்ப்பீர்' போர்டுக்குப் பின்னால்தான்! இவர்களிடம் போய் என்னத்தைச் சொல்ல?

ஸ்டெபிக்கு, தயாரிப்பு முழுவதையும் கவனிக்கும் டீமேக்கரின் கீழே தூளின் தரம் பார்க்கிற வேலை. மறுநாள் காலையில் வாய் கூசாமல் ஒரு பொய்யை அவிழ்த்துவிட்டாள்.

"டேய், நம்ம டீமேக்கர் லிங்கசாமி சாருக்கு ருசி பாக்க ஒரு ஆளு வேணுமாம். உக்காந்த வேலை. உம் பேரைச் சொல்லிட்டேன். பத்து நாள்ல டெஸ்ட்."

"எனக்கென்னங்க்கா, நம்ம நாக்கைப் பத்தித் தெரியாதா?"

மூன்று கப் டீ வைத்தாள். சர்ரென்று உறிஞ்சினான், கொப்பளித்தான், கண்ணை மூடி யோசித்தான். "மொதல்ல புகை அடிக்குது. ரெண்டாவது புளிப்பு. மூணாவதுதான் ஃபர்ஸ்ட் கிளாஸ்."

"மூணும் ஒரே கெட்டில்ல ஊத்துனதுடா."

தூள் சலிக்கிற பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். டெனின் முகம் போன போக்கைப் பார்க்கணுமே!

"அந்தக் கருமத்தை வெச்சு வெச்சு நாக்கு மரத்துப்போச்சு. விட்டாத்தான் ருசி தெரியும்" என்றாள் ஸ்டெபி.

ரோஷக்காரன், அன்றைக்கே நிறுத்தினான். மூன்றாம் நாள் தலைவலி, கை நடுக்கம். யாரைப் பார்த்தாலும் எரிந்து விழுந்தான். ஷிஃப்ட் பார்க்கும் சரிதாவிடம் கெஞ்சிக் கூத்தாடி, அவனை மிஷினிலிருந்து இலை வாட்டுகிற மாடிக்கு மாற்றினாள் ஸ்டெபி. வாய் பரபரக்கும்போதெல்லாம் மொறுமொறு வர்க்கி பிஸ்கட்டைத் திணித்தாள். அவனைப் பார்க்கப் பார்க்கப் பாவமாக இருந்தது. பொய் சொன்னது வேறு உறுத்தியது. பத்தாம் நாள் காலையில் எப்படியாவது உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று இருந்தாள்.

எங்கே விட்டான்? அவள் வருவதற்குள் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு லிங்கசாமி முன்னால் போய் நின்றுவிட்டான்.

"எந்த வேலைப்பா? நான் யாரையும் கேக்கலையே" என்றார் மனுஷன்.

டெனின் நேராகச் சாப்பாட்டு அறைக்கு வந்தான். ஸ்டெபி அப்போதுதான் வீட்டிலிருந்து கொண்டுவந்த டீ ஃபிளாஸ்க்கை மேசைமேல் வைத்திருந்தாள். தினமும் அவனுக்கும் அதிலிருந்துதான் ஊற்றுவாள்; மாடிக்குப் போனதிலிருந்து அவன் இந்தப் பக்கமே வரவில்லை.

"எல்லாம் பொய்யாங்க்கா?"

"ஆமாடா."

"நான் பட்ட பாடு உங்களுக்கு வெளையாட்டாப் போச்சுங்களா?" குரல் உடைந்தது. தினேஷ்குமார் சமயம் பார்த்துப் பக்கத்தில் வந்து, பொட்டலத்தை நீட்டினான். "விடு மாப்ள, வேலைதான் இல்லைன்னு ஆயிப்போச்சே. இந்தா."

ஸ்டெபிக்கு உயிரே போய்விட்டது. பிடுங்கி எறியலாம். ஆனால் இனி அவள் பேச்சை அவன் எதற்குக் கேட்கப் போகிறான்?

டெனின் கையை நீட்டினான். நீட்டிய கை பாதியில் திரும்பி ஃபிளாஸ்க்கைத் தூக்கியது. கோபத்தில் மடமடவென்று ஊற்றி ஒரு வாய் குடித்தான். குடித்தவன் மூஞ்சியைச் சுளித்துக்கொண்டு ஓடிப்போய்த் தொட்டியில் துப்பினான்.

"ஏனுங்க்கா, இது டீயா? பால் அடிப்பிடிச்சிருக்கு, தூளு வெந்து கசக்குது. மூணு வருஷமா இந்தக் கஷாயத்தையா எனக்கு ஊத்திக் குடுத்தீங்க?" என்றவன் தினேஷ்குமார் பக்கம் திரும்பினான். "நீ தள்ளுடா அந்தப்பக்கம், இருக்கிற கசப்பு பத்தாதா எனக்கு?"

"வாயை மூடுடா!" என்று கத்தினாள் ஸ்டெபி. கத்தும்போதே கண் கலங்கிவிட்டது. இவ்வளவு சந்தோஷமாக அவள் யாரிடமும் திட்டு வாங்கியதில்லை.