எனக்குக் கேட்காத கிட்டார்

…அதிலும் அந்தக் கறுப்பை எடுத்தாளே என் பெண்டாட்டி, வயர் சொருகுகிற கிட்டாரை, பேத்தி எடுத்த வயதில்! மரக் கிட்டார்தான் வாங்குவாள் என்று வீட்டிலேயே முடிவு கட்டி அலமாரி ஓரத்தில் இடம்கூட ஒதுக்கி வைத்திருந்தேன், வயசாளிக்கு மரம் போதாதா, கரண்டு எதற்கு, அதுவும் ஆயுசு முழுக்க லிஃப்ட் ரிப்பேர் பார்த்த என்னை ஒரு வார்த்தை கேட்காமல்… இந்த வீட்டில் என்னைக் கேட்காமல் ஒரு பல்புகூட மாறியதில்லை. இப்போது சோபாவின் அந்தக் கோடியில் உட்கார்ந்திருக்கிறாள், மடியில் கறுப்புப் பலகை, காதில் பெரிய ஹெட்ஃபோன், விமானம் ஓட்டப் போகிறவள் மாதிரி முகம், எனக்குக் கேட்பதெல்லாம் டிக், டிக், யாரோ நகம் வெட்டுகிற சத்தம். இதற்கா காலையில் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு கூடப் போனேன்?

கடைக்காரர்மேல் குற்றமில்லை, பொறுமையாகத்தான் சொன்னார், புதுசா கத்துக்கறவங்களுக்கு ரெண்டுமே சரிதாம்மா, மரத்துல கம்பி கெட்டி, விரல் எரியும், இதுல மெல்லிசு, அமுக்க சுலபம். நான்தான் குறுக்கே விழுந்தேன், எலக்ட்ரிக் வேணவே வேணாம் சார், மேல் வீடு கீழ் வீடு எல்லாம் சண்டைக்கு வருவாங்க, நான் வேலை பாத்த கட்டடத்துல ஒருத்தன் இத வாசிச்சு ஏழு மாடிக் கண்ணாடியும்… கண்ணாடி உடைகிற வரைக்கும் அவர் காத்திருக்கவில்லை. "தலைகீழா சொல்றீங்க சார், மரத்தத்தான் அடக்க முடியாது, தொட்டா வீட்டுக்கே கேட்கும். இதுல ஹெட்ஃபோன் சொருகிட்டா வாசிக்கிறவங்களுக்கு மட்டுந்தான்." அதுவரை விரல் எரிச்சலைப் பற்றியே விசாரித்துக்கொண்டிருந்தவள் சட்டென்று நிமிர்ந்தாள். "பக்கத்துல உக்காந்திருக்கறவங்களுக்குக்கூடவா கேட்காது?" "டிக்குடிக்குன்னு கம்பிச் சத்தம் வரும்மா, பாட்டு கேட்காது." "அப்ப இதையே கட்டுங்க." தக்காளியை ஒவ்வொன்றாகப் புரட்டி எடுக்கிறவள், செருப்புக்கு மூன்று கடை ஏறுகிறவள், ஒரே பேச்சில்! பக்கத்தில் உட்காரப்போவது யார்? நான்தானே? எனக்கு நின்ற இடமே லிஃப்ட் மாதிரி ஒரு மாடி கீழே இறங்கியது.

வழியில் கேட்டேன், நான் கேட்டா உன் பாட்டு தேஞ்சா போயிடும்? "தேயாதுங்க, வளந்துடும். கீழ் வீட்டுக்காரர்கிட்ட போய், இவ வாசிச்சதக் கேட்டு பல்லி மயங்கி விழுந்துச்சுன்னு சொல்லுவீங்க." அநியாயம், பல்லி என் நினைப்பிலேயே இல்லை, நான் யோசித்து வைத்திருந்தது புறா.

சரி, விரலால் அவள் கதவைச் சாத்தினால் வாயால் நான் திறக்கிறேன், இதுவரை தோற்றதில்லையே… வீட்டுக்கு வந்து அவள் வாசிக்க உட்கார்ந்ததும் குதிரைக் கதையை எடுத்தேன், லிஃப்டுக்குள் என்னோடு மாட்டிக்கொண்ட குதிரை, முதல் முறை சொன்னபோது அது ஆடு, சத்துள்ள கதை, வளர்ந்துவிட்டது. அவள் தலையாட்டினாள், ம் என்றாள், லிஃப்ட் நிற்கிற இடத்தில் கச்சிதமாக "அப்புறம்?" என்றாள். அப்பாடா, கேட்கிறாள். கேட்கிறாளா? அந்த ஹெட்ஃபோன் மாட்டினால் பக்கத்தில் இடி விழுந்தாலும் தெரியாது என்றல்லவா கடைக்காரர் பீற்றிக்கொண்டார்… குரலை நிறுத்தினேன், வாயை மட்டும் அசைத்தேன், பழைய படத்தில் ஒலி போன மாதிரி, கையைக்கூட ஆட்டினேன். தலை ஆடியது. ம். "அப்புறம்?" குதிரை கண்ணீர் விடுகிற இடம் வந்ததும், நான் சத்தமே போடாத அந்த இடத்தில், சிரித்தாள், உண்மையான சிரிப்பு, கம்பியிலிருந்து கண்ணை எடுக்காமல், "பாவங்க, போதும், அத இறக்கி விடுங்க."

இறக்கி விட்டேன். வாயை மூடிக்கொண்டேன், கதை முடிந்துவிட்டது, அவள் தலை இன்னும் ஆடிக்கொண்டிருக்கிறது, டிக் டிக்குக்குச் சரியாக, அதே சாய்வு, அதே நிதானம், கல்யாணமான நாளிலிருந்து என் ஒவ்வொரு கதைக்கும் ஆடிய ஆட்டம்… அப்போதெல்லாம் அவள் காதில் ஹெட்ஃபோன் இல்லையே, பின்னே எதற்கு ஆடிக்கொண்டிருந்தாள்?