நிலவு நாள் இடாப்பு

கல்விக் கந்தோர் விறாந்தை வாங்கில் இருந்தபடி மேரிஜோசப்பின் காலை ஒன்பது மணியிலிருந்து காத்திருந்தாள். பதினொன்றரையாகியும் உள்ளே கூப்பிடவில்லை. மடியில், பொலித்தீன் பையில் சுற்றிய மாணவர் வரவு இடாப்பு. எழுவைதீவிலிருந்து மீனவர் சில்வெஸ்ரரின் வள்ளத்தில் வரும்போது சேலை நனைந்தாலும் இடாப்பு நனையாமல் நெஞ்சோடு பிடித்துக்கொண்டு வந்தாள். ஆறு வருஷம் சம்பளமில்லாமல் படிப்பித்ததற்கு அவளிடமிருந்த சாட்சி அது ஒன்றுதான். தொண்டர் ஆசிரியர்களை நிரந்தரமாக்கப் போகிறார்கள், வருஷத்துக்கு நூற்றெண்பது நாள் படிப்பித்ததை இடாப்பில் காட்டவேண்டும் என்று கடிதம் வந்திருந்தது.

அவள் படிப்பிக்கும் பள்ளிக்கூடத்தைக் கத்தோலிக்கக் கோயிலிடமிருந்து அரசாங்கம் எடுத்து இருபத்தைந்து வருஷமாகியும் ஊரார் அதைக் கோயில் பள்ளிக்கூடம் என்றுதான் சொல்வார்கள். ஒரு மண்டபம், ஐந்து வகுப்பு, முப்பது பெயர். கடதாசியில் இரண்டு ஆசிரியர். மற்றவர் அக்கரைச் சரவணையிலிருந்து வரவேண்டிய பள்ளி அதிபர் வைத்திலிங்கம். வருஷக்கணக்காகத் தீவுப் பக்கம் அவர் காலடி வைக்கவில்லை. இப்போது அவர் உள்ளே, காற்றாடிக்குக் கீழே கதிரை போட்டுத் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்.

ஒருவழியாகக் கூப்பிட்டார்கள். அதிகாரி இடாப்பைப் புரட்டினார். இந்த வருஷத்துப் பக்கம் ஒன்றில் சிவப்புப் பேனையைத் திறந்தார்.

"வெசாக் போயாவுக்கு இருபத்தொன்பது பிள்ளையள் வந்ததெண்டு கிடக்கு. அண்டைக்கு நாடு முழுக்க லீவு. ஆர் வந்தது, பேயோ?"

"பிள்ளையள்தான் ஐயா. போயாவெண்டால் முழு நிலவு. நிலவுக்கு எங்கடை ஆக்கள் வலை போடிறேல்லை. வெளிச்சத்திலை மீன் வலையைக் கண்டு திரும்பிப் போடும். தாய் தகப்பன் வீட்டிலை நிக்கிற நாளிலை பிள்ளையள் ஒண்டும் விடாமல் வருங்கள்."

"அப்ப இந்தத் திங்கள், செவ்வாயெல்லாம் ஏன் வெறுமையாக் கிடக்கு?"

"அது நிலவில்லாத இருட்டு. விடிய வள்ளம் வந்தால் வலையிலை மீன் கழற்ற எல்லாக் கையும் வேணும். அந்த நாளிலை பூட்டிப்போட்டு, பதிலுக்கு நிலவிலை வாற சனியும் போயாவும் வைக்கிறனாங்கள்."

இதை அவள் தன் எண்ணத்துக்குச் செய்யவில்லை. முதல் வருஷம் கரைக்குப் போய்ப் பிள்ளைகளை இழுத்துவந்து பார்த்தாள். "ரீச்சர், மீன் உங்கடை மணிக்குக் காத்து நிக்காது," என்று சில்வெஸ்ரர் சொன்னார். பிறகு ஒரு ஞாயிறு, பூசை முடிந்து தாய் தகப்பன்மாரோடு கோயில் முற்றத்தில் பேசி முடிவெடுத்ததுதான் இந்த ஒழுங்கு. அதிலிருந்து வாசிக்கத் தெரியாமல் ஐந்தாம் வகுப்பைத் தாண்டிய பிள்ளை ஒன்றுமில்லை. படிப்பித்த நாளைப் படிப்பித்த நாளாகவே எழுதினாள். உலகத்தில் வேறு எந்தப் பைத்தியக்காரி அப்படி எழுதுவாள்!

அதிகாரி போயா நாள்களின் மேல் கோடு இழுத்தார். சனிக்கிழமைகளின் மேல் இழுத்தார். வருஷம் வருஷமாகப் பக்கங்கள் சிவந்தன.

"போன வருஷம் மிஞ்சுறது நூற்றிப்பதினெட்டு நாள். நூற்றெண்பதுக்குக் காணாது பிள்ளை. கந்தோர் அனுப்பின சேர்க்குலரிலை நிலவும் இல்லை, இருட்டும் இல்லை."

வைத்திலிங்கம் மாஸ்ரர் தம் ஆசிரியர் வரவுப் புத்தகத்தை நீட்டினார். ஒரு வேலைநாள் தவறவில்லை. தினமும் காலை ஏழு ஐம்பத்தைந்து, கீழே வளைந்த கையெழுத்து. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்திருந்தார், அதிகாரியோ அந்தச் சோற்றை மெச்சினார்.

"புத்தகமெண்டால் இப்படி இருக்கவேணும்."

மேரிஜோசப்பினுக்கு உச்சந்தலை வரை கொதித்தது.

"ஐயா, போன கார்த்திகை காத்துக்கு அஞ்சு நாள் ஒரு வள்ளமும் கடலிலை இறங்கேல்லை. அந்த அஞ்சு நாளும் இவர் எப்படி வந்தவர், நடந்தோ?"

மாஸ்ரர் சால்வையைச் சரிசெய்தார்.

"அவர் நியமனம் பெற்ற அதிபர்," என்றார் அதிகாரி. "அவரின்ரை விசயம் உமக்குத் தேவையில்லை. இந்த இடாப்பு இஞ்சையே கிடக்கட்டும். இனித் திங்கள் தொடக்கம் வெள்ளி வரை பள்ளிக்கூடம். பதிவை அதிபர் தன்ரை கையாலை போடுவார்."

ஆறு வருஷத்தை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினார்கள்.

ஆடி பிறக்க ஒரு கிழமை இருந்தது. இருட்டுத் திங்கட்கிழமை. மாஸ்ரர் குடையோடும் புது இடாப்போடும் வந்து இறங்கி, தானே மணியை அடித்தார். ஒரு பிள்ளையும் வரவில்லை. யன்னலால் பார்த்தால் கரை தெரிந்தது. ஆழக்கடலிலிருந்து சில்வெஸ்ரரின் வள்ளம் அப்போதுதான் திரும்பியிருந்தது, குவிந்து கிடந்த வலையைச் சுற்றி எல்லாரும் குந்தியிருந்தார்கள்.

மாஸ்ரர் கதிரையில் அமர்ந்து இடாப்பில் மேலிருந்து கீழே சரி போட்டுக்கொண்டு போனார். முப்பது பெயருக்கும் வரவு.

"றெஜினாவுக்கும் போட்டிட்டியள், மாஸ்ரர்," என்றாள் மேரிஜோசப்பின். "தகப்பன் மரியநாயகத்தார் குடும்பத்தோடை இந்தியாவுக்குப் போய் நாலு மாசம். பிள்ளை அங்கை மண்டபம் அகதி காம்பிலை நிக்குது. பேர் வெட்ட உங்கடை கையெழுத்து வேணுமெண்டு மூண்டு கடிதம் எழுதினனான்."

"இருக்கட்டும். முப்பது முழுசா வடிவாக் கிடக்கு." பேனையை அவள் பக்கம் தள்ளினார். "உம்முடைய வரவுக்குக் கையெழுத்தை வையும். இப்படியே ஒரு வருஷம் ஓடினால் நூற்றெண்பது தானா வரும். நான் முந்தியே சொல்லித் தந்திருப்பன், நீர் கேட்கவேணுமே."

"வராத பிள்ளையளுக்கு நான் படிப்பிச்சனெண்டு வைக்கமாட்டன்."

"வீறாப்பு வயித்தை நிரப்பாது பிள்ளை. சரி, நானே போட்டுவிடுறன்."

அவளுடைய பெயரை அவளுடைய எழுத்துப்போலவே எழுதினார். பழகிய கை. பிறகு கதவைப் பூட்டித் திறப்பை மடியில் செருகினார். போயாவுக்குத் திறக்கக்கூடாது, கந்தோர் உத்தரவு என்றார். அக்கரை வள்ளம் புறப்படப்போகிறது என்று குடையை விரித்துக்கொண்டு கரைக்கு நடந்தார்.

மேரிஜோசப்பின் பின்னால் வந்தாள். வலையைச் சுற்றியிருந்த பிள்ளைகள் வழிவிட எழுந்து நின்றார்கள். கை முழுக்கச் செதில். மாஸ்ரர் யாரையும் பார்க்காமல் வேட்டியைத் தூக்கிப் பிடித்துத் தண்ணீரில் இறங்கி வள்ளத்தில் ஏறினார்.

சில்வெஸ்ரரின் இளைய மகள், நாலாம் வகுப்புக்காரி, கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு கிட்ட வந்தாள்.

"ரீச்சர், ஆர் அந்த ஐயா?"