ஆறாவது பாட்டு

ஜெரினின் முதல் ஆல்பம் அச்சாகி வந்தபோது அதன் உறையில் ஒரு வெள்ளைப் புறா பறந்துகொண்டிருந்தது. கீழே எரிகிற மெழுகுவர்த்தி. நடுவில் ஹெட்போன் மாட்டி, கண்ணை மூடி மைக் முன்னால் நிற்கிற ஜெரின். பார்த்தால் ஜெபத்தில் உருகுகிறவன் மாதிரி இருந்தது.

"என்னண்ணே இது? புறா யாரு கேட்டா?"

ஸ்டூடியோ காத்தமுத்து கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "ஏலே, சர்ச்சுப் பையன் சிடின்னா புறா, மெழுகுவர்த்தி. கோயில் சிடின்னா வேலு, மயிலு. இம்புட்டு வருசமா அதான போடுறோம்."

"இது ராப்புண்ணே."

"இருந்துட்டுப் போகட்டும். புறா என்ன கடிக்கவா போகுது?"

ஜெரினுக்குச் சண்டை போடத் தெம்பில்லை. அந்தக் கோடை விடுமுறை முழுக்க, திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த அந்த அறையில், சுவரெல்லாம் முட்டை அட்டை ஒட்டிய புழுக்கத்தில், ஃபேனை நிறுத்திவிட்டுப் பாடியிருந்தான். எட்டுப் பாட்டு. அவனே எழுதியது. வயது பதினெட்டு.

பாலிடெக்னிக்கில் நண்பர்களுக்குப் போட்டுக் காட்டினான். இரண்டாவது பாட்டிலேயே ஒருவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டான். "மாப்ள, ஜெபமாலையை நாலு மடங்கு ஸ்பீடுல ஓட்டுன மாதிரி இருக்குலே!" எல்லோரும் சிரித்தார்கள். ஜெரினும் சிரித்தான். அது பொய்யில்லை. மூச்சு விடாமல் சொல்லிப் பழகியதே வீட்டில் எல்லோருக்கும் முன்னால் ஜெபமாலை வரிகளைச் சொல்லித்தான். ஆறாவது பாட்டு வரைக்கும் யாரும் கேட்கவில்லை. அதில் அவனுக்கு வருத்தம் பாதி, நிம்மதி பாதி.

ஏனென்றால் ஆறாவது பாட்டில் அவன் அக்கா லிடியா இருந்தாள்.

மூன்று வருடத்துக்கு முன்னால் லிடியா சின்னாளபட்டியில் தறி வைத்திருந்த ஈஸ்வரைக் கல்யாணம் செய்துகொண்டு போய்விட்டாள். அப்பா பாஸ்கல் பள்ளிக்கூட வாத்தியார், சர்ச் பங்கில் முக்கியமான ஆள். அடுத்த ஞாயிறு பூசை முடிந்து யாரோ விசாரித்தபோது, "அவளுக்கு தேவ அழைத்தல் வந்துருச்சு, ராஞ்சிப் பக்கம் கன்னியர் மடத்துல சேந்துட்டா" என்று சொல்லிவிட்டார். வாயில் வந்ததைச் சொன்னார். அப்புறம் அதைக் காப்பாற்ற வேண்டியதாகிவிட்டது. கிறிஸ்துமஸ் வந்தால், "சிஸ்டர் வரலையா சார்?" என்பார்கள். "அங்க லீவு குடுக்கிறதில்ல" என்பார். அம்மா ஆனந்தமேரி அடுப்படிக்குள் போய்விடுவாள்.

அதைத்தான் ஜெரின் பாட்டாக்கியிருந்தான். கேட்கப்போகிறவர்கள் பாலிடெக்னிக் பையன்கள்தானே என்று நினைத்திருந்தான்.

ஞாயிற்றுக்கிழமை இரண்டாம் பூசை முடிந்து வெளியே வந்தவன் அப்படியே நின்றான். வாசலில் ரூபி அக்காவின் கடை. ஜெபமாலை, மாதா சுரூபம், பாட்டு சிடி விற்கிற மேஜை. அதில் வரிசையாகப் புறா. காத்தமுத்து வழக்கம்போல சர்ச் சிடிகளோடு இதையும் ஒரு கட்டு இறக்கிவிட்டுப் போயிருந்தார்.

"அக்கா, அதை விக்காதீங்க. அதுல... ரெக்கார்டிங் கோளாறு."

"போலே, கூச்சப்படாத. பாதிக்கு மேல வித்துருச்சு. அப்பாவுக்கு ஒண்ணு சும்மாவே குடுத்தேன். கண்ணு கலங்கிட்டாரு மனுசன்."

அப்பா தூரத்தில், வேப்பமரத்தடியில், சிடியை இரண்டு கையாலும் பிடித்து நாலு பேருக்குக் காட்டிக்கொண்டிருந்தார். "எங்கிட்டக்கூடச் சொல்லல பாருங்க, பயபுள்ள." அவனைப் பார்த்ததும் கூப்பிட்டுத் தோளில் கை போட்டார். அவர் கை அவன் தோளில் பட்டு எத்தனையோ காலமாகியிருந்தது. "புதன்கிழமை அன்பியம் நம்ம வீட்டுலதான. ஆரம்பப் பாட்டுக்கு இதையே போடுவோம். எல்லாரும் சேந்து முதல் தடவையா அன்னிக்குத்தான் கேக்கணும், அதுவரைக்கும் யாரும் போட்றாதீங்க."

அன்பியம் என்றால் தெருவிலிருக்கிற கத்தோலிக்கக் குடும்பங்கள் வாரம் ஒரு வீட்டில் கூடிச் செய்கிற ஜெபம். கூட்டம் நிறைய வரும். அத்தனை பேர் முன்னாலும் அந்தப் பாட்டு ஓடினால் அப்பா என்ன ஆவார், தான் அதற்கப்புறம் அந்த வீட்டில் இருக்க முடியுமா என்று ஜெரினுக்குத் தெரியவில்லை.

மறுநாள் காலேஜுக்குப் போகாமல் சின்னாளபட்டிக்கு பஸ் ஏறினான். லிடியா சேலை மடித்துக்கொண்டிருந்தாள். பக்கத்து அறையில் தறி ஓடியது.

"பயமா இருக்குக்கா. அடிச்சாக்கூடப் பரவால்ல. அப்பா அழுதுருவாரோன்னுதான்..."

"என்னய்யா எழுதின? சொல்லு."

சொன்னான். பாதி கேட்டபோதே சிரித்தாள். முடிந்தபோது மடித்த சேலையைப் பிரித்து மறுபடி மடித்தாள்.

"அக்கா, ஏதாச்சும் சொல்லு."

"என்னத்தச் சொல்ல. எனக்கு அலுத்துப் போச்சுடா. போன மாசம் நம்ம பங்குக்காரவுக ரெண்டு பேரு சேலை எடுக்க வந்தாக. நான் தறிக்குப் பின்னால போயி ஒளிஞ்சு உக்காந்துருந்தேன். உங்க மாமா கேக்காரு, எம்புட்டு நாளைக்குன்னு." மடித்த சேலையை அடுக்கின் மேல் வைத்தாள். "சிடியை ஒளிச்சு வையி. அம்புட்டுத்தான் எனக்குத் தெரியும். சாப்டியா?"

ஒளித்தால் அப்பா தேடுவார். செவ்வாய்க்கிழமை ஜெரின் சாவியால் சிடியின் பின்பக்கம் குறுக்கும் நெடுக்கும் கீறிவைத்தான்.

புதன் சாயங்காலம் வந்தவர்களில் மூன்று பெண்கள் ஆளுக்கொரு புறாவோடு வந்தார்கள், அதில் அவனிடம் கையெழுத்து வாங்க. அப்பாவின் சிடி இரண்டு தடவை திக்கியதும் ரூபி அக்கா தன்னுடையதை நீட்டினாள். "இதைப் போடுங்க சார்."

முதல் பாட்டு ஆரம்பித்தது. எல்லோரும் கண்ணை மூடிக் கைகூப்பினார்கள். திண்டுக்கல் தண்ணீர்ப் பஞ்சம், குடத்து வரிசை, லாரி வராத நாள் என்று ஜெரினின் குரல் கடகடவென்று ஓடி, ஓர் இடத்தில் மூச்சு வாங்கியது. உடனே எல்லோருமாக, "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்றார்கள். மன்றாட்டில் ஒருவர் சொல்ல மற்றவர்கள் இப்படிப் பதில் சொல்லுகிற பழக்கம். அடுத்த இடைவெளியிலும் சொன்னார்கள். தாளம் தப்பவில்லை. மூன்றாவது பாட்டில் ஒருத்தி கண்ணைத் திறந்து பார்த்தாள். ஆனால் நிறுத்தச் சொல்ல யாருக்கும் துணிச்சலில்லை. வாத்தியார் மகன் பாட்டு. வாத்தியாரே தலையாட்டிக்கொண்டிருந்தார். முகத்தில் மட்டும் ஒரு குழப்பம்.

ஜெரின் பிளேயர் பக்கம் நகர்ந்தான். "போதும்ப்பா, ஜெபத்தை ஆரம்பிப்போம்."

"இருலே. முழுசாக் கேப்போம்."

ஆறாவது பாட்டு வந்தது.

*ராஞ்சியில இருக்கான்னு ஊருக்குச் சொன்னாரு,*
*டவுன் பஸ்ஸுல ஏறுனா அவ வீடு வந்துரும்.*
*வெள்ளை அங்கி இல்ல, சுங்குடிச் சேலை,*
*கோயில் மணி இல்ல, தறியோட வேலை.*
*எங்கப்பா பொய் சொல்லல, ஒளிச்சுத்தான் வச்சாரு,*
*ஒளிச்ச எடத்த மறந்துட்டு அவரே தேடுறாரு.*

இந்த இடைவெளியில் யாரும் வேண்டிக்கொள்ளவில்லை.

அம்மா அடுப்படி வாசலில் சுண்டல் பாத்திரத்தோடு நின்றாள். உள்ளே போகவில்லை. அப்பா எழுந்து பிளேயரை நிறுத்துவார் என்று ஜெரின் காத்திருந்தான். அவர் எழவில்லை. பாட்டு ஓடி முடிந்தது. ஏழாவது ஆரம்பிக்கும் முன் ரூபி அக்காதான் எட்டி அணைத்தாள்.

"சார்," என்றாள் மெதுவாக, "நாங்க சேலை எடுக்கவே சின்னாளபட்டிக்குத்தான போறோம். அந்தப் பிள்ளை எங்களப் பாத்தாலே தறிக்குப் பின்னால போயி ஒளியும். நாங்களும் பாக்காத மாதிரி வந்துருவோம். உங்களுக்காகத்தான்."

அப்பா அவளைப் பார்த்தார். பிறகு அங்கிருந்த ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். ஒவ்வொன்றாகக் கீழே குனிந்தது.

ஜெபம் எப்படியோ நடந்து முடிந்தது. சுண்டலை யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. செருப்புச் சத்தங்கள் தெருவில் ஓய்ந்தபின் ஜெரின் சுவரோரம் நின்றான். அடி விழும் என்று காத்திருந்தான்.

அப்பா நாற்காலியிலேயே இருந்தார். "எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கு" என்றார். "மூணு வருசம் நான் மட்டும்தான் நடிச்சிருக்கேன்."

"அப்பா, நான் வேணும்னு..."

"பேசாத. இன்னிக்குப் பேசாத." நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "பங்குச் சாமியார்கிட்ட நானேதான் போயிச் சொல்லணும். அவர் காதுக்கு வேற ஆளு மூலமாப் போகக்கூடாது. நாளைக்குக் காலையில நீயும் கூட வா. தனியாப் போக... எனக்கு ஒரு மாதிரியா இருக்கு."

ஜெரின் அவரைப் பார்த்தான். இந்த மூன்று நாளும் தனக்கு இருந்த அதே பயம்.

"வாரேம்ப்பா" என்றான்.

அம்மா அடுப்படியிலிருந்து, "சாமியாரப் பாத்துட்டு வீட்டுக்கு வராதீங்க. அப்படியே சின்னாளபட்டி பஸ் ஏறுவோம். நான் ஸ்டாண்டுல நிக்கேன்" என்றாள். அப்பா மிச்சமிருந்த சுண்டலை எடுத்துச் சாப்பிட ஆரம்பித்தார்.