கை மாறிய பால் பாட்டில்

மார்கழி பிறந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. மலைமேல் பைல் நாட்டில், ஓடைக்கு மேலே இருந்த குடியிருப்பில் மூன்று குழந்தைகளுக்கு வயிற்றால் போகிறது என்று சேதி வந்தது. பூங்குழலி அதைக் காதில் வாங்கிக்கொண்டதோடு சரி. மிளகுப் பறிப்புக்கு ஆள் கிடைக்கும்போதே கொடியை முடித்துவிட வேண்டும் என்பதுதான் அவள் கவலை. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏணியில் ஏறிவிட்டாள்.

அவள் மகள் தேன்மொழிக்கு எட்டு மாதம். பகலில் நாத்தனார் பிரபாவதி பார்த்துக்கொண்டாள். காட்டுக்குப் போகப் போகப் பூங்குழலிக்குப் பால் வற்றிக்கொண்டு வந்தது. அதற்காக அவள் பெரிதாக வருத்தப்படவில்லை, வீட்டில்தான் டப்பா இருந்ததே. சத்தீஸ்கரில் ஆழ்துளைக் கிணறு போடும் போர் லாரியில் வேலை செய்யும் அவள் கணவன் சதீஷ்குமார் லீவுக்கு வந்தபோது நீல மூடி போட்ட இரண்டு பால் பவுடர் டப்பாக்களைக் கொண்டுவந்திருந்தான். டப்பாவின் மேல் ப்ரீபயாட்டிக் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. குடல் கெட்டிப்படும், எந்த நோயும் அண்டாது என்று கடைக்காரர் சொன்னதாகச் சொல்லிவிட்டுப் போனான். தேன்மொழி அதைக் குடித்துக் கன்னம் உப்பித்தான் இருந்தாள்.

பக்கத்து வீட்டு அருணாவுக்குத் தலைப்பிரசவம். மகன் கதிர்வேலுக்கு நான்கு மாதம். சாயங்காலமானால் வீறிட்டு அழுவான்.

"எனக்குப் பால் பத்தலை போலிருக்குதுங்க்கா" என்றாள் அவள் ஒருநாள், கண் கலங்க.

"இதுக்கா அழுவறே? எம் புள்ளையைப் பாரு. நான் ஒரு டப்பா தாரேன், கலக்கிக் குடு."

"பாட்டில் இல்லீங்களே."

தேன்மொழி சற்றுமுன் குடித்து மீதி வைத்திருந்த பாட்டிலைப் பூங்குழலி எடுத்தாள். மிச்சப் பாலைக் கொட்டி, குடத்துத் தண்ணீரில் இரண்டு முறை அலசி, ரப்பரைத் திருகி மாட்டி, டப்பாவோடு சேர்த்துக் கொடுத்தாள். "என்கிட்ட இன்னொண்ணு இருக்குது. நீ வெச்சுக்க கண்ணு" என்றாள். அருணாவின் முகம் மலர்ந்ததைப் பார்க்க அவளுக்கே நிறைவாக இருந்தது.

மறுநாள் காலையில் நர்ஸ் பானுமதி தேன்மொழிக்கு எடை பார்க்க வந்தார். டப்பாவைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தார்.

"தாய்ப்பால்ல ஒரு வகைச் சர்க்கரை இருக்குது கண்ணு. அது குழந்தைக்கே செரிக்காது. குடல்ல குடியிருக்கிற நல்ல கிருமிகளுக்கு அதுதான் சோறு. அதுக வயிறாரத் தின்னுட்டு எடத்தைப் புடிச்சுக்கிட்டா, கெட்டது உள்ளே வந்தாலும் வேர் புடிக்கச் சிரமப்படும். அதைப் பாத்துத்தான் டப்பாவுலயும் ஒண்ணு ரெண்டைச் சேர்க்கறாங்க. தாய்ப்பால்ல இருக்கிறது நூத்துக்கணக்குல. இது அதுக்கு ஈடாகுமா?"

"அப்ப டப்பா கெடுதலுங்களா?"

"டப்பாவை நான் சொல்லலை. நீ ஊத்தற தண்ணியும் அலசற பாட்டிலும்தான் எனக்குப் பயம். மேலே இப்ப அஞ்சு குழந்தைக்கு ஆயிருச்சு. அந்த ஓடைதான் இங்கேயும் வருது. தேன்மொழிக்கு ரோட்டா சொட்டு மருந்து ஒருவாட்டிதானே போட்டிருக்கே?"

பூங்குழலி தலையைக் குனிந்துகொண்டாள். முதல் தடவை தடுப்பூசியோடு சேர்த்துப் போட்டபோது ஜுரம் வந்ததால் அடுத்த இரண்டு தவணைக்கும் போகாமல் இருந்துவிட்டாள். அருணாவுக்குப் பாட்டில் கொடுத்த விஷயம் நாக்கு நுனிவரை வந்தது. இதற்கும் சேர்த்துத் திட்டு விழுமே என்று விழுங்கிவிட்டாள்.

அன்று மத்தியானமே தேன்மொழி வாந்தி எடுத்தாள். குடித்த பால் அப்படியே பீய்ச்சியடித்தது. பிறகு வயிற்றால் போகத் தொடங்கியது. வெறும் தண்ணீராக, புளித்த வாடையோடு, துணி மாற்றி முடிப்பதற்குள் மறுபடியும். எட்டுத் தடவைவரை எண்ணினாள். பிறகு எண்ணவில்லை. பிரபாவதியைக் கூட்டிக்கொண்டு சாயங்கால பஸ்ஸில் மலைக்குக் கீழே சேந்தமங்கலத்துக்கு இறங்கினாள். ஆஸ்பத்திரியில் குழந்தையின் கையில் ஊசி குத்தி டிரிப் ஏற்றினார்கள்.

விடிந்ததும் டாக்டரம்மா வந்து வயிற்றைத் தொட்டுப் பார்த்தார். "தேறிட்டா. ரோட்டா வைரஸா இருக்கும், இந்தக் குளிர்ல வர்றதுதான். வாந்தி வர்றதுக்கு முன்னாடியே குழந்தைகிட்ட இருந்து பரவ ஆரம்பிச்சுடும். கை, துணி, பால் பாட்டில், எதுல வேணும்னாலும் ஒட்டிக்கிட்டுப் போகும். சும்மா தண்ணியில அலசினா போகாது. இவ வாய் வெச்சது வேற எந்தக் குழந்தைக்கும் போயிடக்கூடாது."

பூங்குழலிக்கு அருணாவிடம் கொடுத்த பாட்டில் நினைவுக்கு வந்தது.

அருணாவின் போனுக்கு அடித்தாள். தொடர்பு எல்லைக்கு வெளியே என்று வந்தது. மறுபடி, மறுபடி அடித்தாள். அதே குரல்தான். பானுமதிக்கு அடித்தாள். "நான் மேல்குடியிருப்புல இருக்கேன் கண்ணு" என்றார் அவர். குரல் உடைந்திருந்தது. "இங்க ஒரு குழந்தை போயிருச்சு. இன்னொண்ணை வண்டியேத்திக்கிட்டிருக்கேன். என்னால இப்ப நகர முடியாது."

தேன்மொழி தூங்கிக்கொண்டிருந்தாள். பிரபாவதியைப் பக்கத்தில் உட்காரவைத்துவிட்டுப் பூங்குழலி பஸ் ஏறினாள். எழுபது கொண்டை ஊசி வளைவும் முடிவதாக இல்லை. பாதி மலையில் பனி இறங்கி, டிரைவர் விளக்கைப் போட்டுக்கொண்டு ஊர்ந்தார். முன்னால் என்ன வருகிறது என்று யாருக்கும் தெரியவில்லை. அவள் முன் சீட்டுக் கம்பியைப் பிடித்த கையை எடுக்கவே இல்லை.

அருணாவின் வீடு பூட்டியிருந்தது. வாசல் கொடியில் சின்னத் துணிகள் வரிசையாகக் காய்ந்தன. இருபதுக்குக் குறையாது. பார்த்ததும் அவளுக்குப் புரிந்துவிட்டது.

"தொக்கம் எடுக்கப் போயிருக்காங்க" என்றார் எதிர்வீட்டு அப்பாசாமி. "காத்தாலே இருந்து குழந்தைக்கு ஒண்ணும் தங்கலை."

தொண்டையில் எதுவோ சிக்கியிருக்கிறது, அதை எடுத்தால் வயிற்றுப்போக்கு நிற்கும் என்ற நம்பிக்கை. பூங்குழலி மரவள்ளிக் காட்டுக்குள் குறுக்கே ஓடினாள். ஒற்றையடிப் பாதையில் அருணாவும் அவள் மாமியார் பாப்பாயியும் எதிரே திரும்பி வந்துகொண்டிருந்தார்கள். துண்டுக்குள் சுருண்டு கிடந்தான் கதிர்வேல். கண்கள் குழிக்குள் போயிருந்தன. உச்சிக்குழி பள்ளமாகிவிட்டிருந்தது. ஆஸ்பத்திரியில் தேன்மொழிக்குப் பார்த்ததுபோல் பூங்குழலி அவன் வயிற்றுத் தோலைக் கிள்ளிவிட்டாள். தண்ணீர் வற்றிய தோலில் மடிப்பு அப்படியே நின்றது.

"தொக்கம் எடுத்தாச்சு. அழுகை நின்னிருச்சுங்க்கா" என்றாள் அருணா.

"அழத் தெம்பில்லை அருணா. பால் குடுத்தியா?"

"குடிச்சா மறுபடி போகும்னு நாந்தான் நிறுத்தச் சொன்னேன்" என்றாள் பாப்பாயி.

"நிறுத்தாதீங்க அத்தை! போற தண்ணி திரும்ப உள்ளே போகணுமுங்க. அருணா, இங்கேயே உக்காரு. பாலைக் குடு."

குழந்தை வாயை வைத்தான். இரண்டு முறை உறிஞ்சினான். பிறகு வாய் தானாக நழுவியது.

ரோட்டில் மிளகு மூட்டை ஏற்றிக்கொண்டு கிளம்பிய செல்வத்தின் பிக்கப் வண்டியைப் பூங்குழலி குறுக்கே நின்று மறித்தாள். அவன் அவள் முகத்தைப் பார்த்தான், குழந்தையைப் பார்த்தான், மூட்டையைக் கீழே தள்ளிவிட்டான். வழியெல்லாம் பூங்குழலி ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்த உப்புக் கரைசலைக் கரண்டியால் சொட்டுச் சொட்டாக விட்டாள். பாதி கடைவாயில் வழிந்தது. இருபதாவது வளைவுக்கு அப்புறம் கதிர்வேல் விழுங்கவும் மறந்துவிட்டான். அருணா அவன் பெயரைச் சொல்லிச் சொல்லி உள்ளங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

ஆஸ்பத்திரியில் நரம்பு அகப்படவில்லை. கையில் தேடினார்கள், காலில் தேடினார்கள். கடைசியில் முழங்காலுக்குக் கீழே எலும்புக்குள்ளேயே ஊசியை இறக்கித் தண்ணீர் ஏற்றினார்கள். வெகுநேரம் கழித்து உள்ளேயிருந்து பூனைக்குட்டி கத்துவதுபோல் ஒரு சத்தம் வந்தது. அருணா சுவரோடு சரிந்து உட்கார்ந்தாள்.

நான்காம் நாள் டாக்டரம்மா பிழைத்துவிட்டான் என்றார். தாய்ப்பாலை மட்டும் கொடு, அவன் குடிக்கக் குடிக்க ஊறும், சாயங்கால அழுகை பசியழுகை இல்லை என்றும் சொன்னார். அவர் நகர்ந்ததும் பூங்குழலி அருணாவின் பக்கத்தில் போய் நின்றாள். மறைக்கலாம். ஓடைத் தண்ணீர் என்று எல்லோரும் நம்பிவிடுவார்கள். தண்ணீராகவேகூட இருக்கலாம்.

"அந்தப் பாட்டில், தேன்மொழி வாய் வெச்சது அருணா. நான் சரியாக் கழுவலை. மறுநாள் நர்ஸம்மா வந்தப்பவும் உனக்குக் குடுத்ததைச் சொல்லாம விட்டுட்டேன்."

அருணா நிமிர்ந்து பார்த்தாள். பிள்ளையை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டாள்.

"எம் புள்ளை ஊடு வந்து சேரட்டும். அப்புறம் உங்ககிட்டப் பேசறேன்" என்று சொல்லிவிட்டு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

தேன்மொழியோடு பூங்குழலி ஊர் திரும்பிய அன்று பானுமதி வாசலிலேயே காத்திருந்தார். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. "மேலே ரெண்டாவது குழந்தையும் போயிருச்சு. கீழே நம்ம வளவுல பத்து ஊட்டுல கைக்குழந்தைக இருக்குது. எனக்கு ஒரு ஆள் வேணும் கண்ணு."

பூங்குழலி சோப்புப் போட்டு முழங்கைவரை கழுவிக்கொண்டு உப்புக் கரைசல் பொட்டலப் பையை வாங்கினாள். முதல் மூன்று வீடுகளில் குழந்தைகள் விளையாடிக்கொண்டிருந்தன. நான்காவது வீட்டில் கூப்பிட்டதும் கதவு திறந்தது. செல்லாத்தாள் இடுப்பில் குழந்தையோடு நின்றாள். தோள் சேலை நனைந்திருந்தது. புளித்த வாடை வாசல்வரை அடித்தது.

"இப்பத்தாங்க ஆரம்பிச்சுது" என்றாள் அவள். "இவளோட சேத்து மூணு பேருக்கு. மத்த ரெண்டும் உள்ளே படுத்திருக்குது."