கூரையில் நல்ல வெயில்

எனக்கு வாய் அதிகம். பேரம் பேசாமல் ஒரு நூல்கண்டுகூட வாங்க மாட்டேன். தையல் கடை வைத்திருப்பவளுக்கு அது தொழில்புத்தி. அந்தப் புத்திதான் கடைசியில் என் தலையிலேயே மண்ணை அள்ளிப் போட்டது.

வீட்டுக்காரருக்கு நுரையீரல் கெட்டு இரண்டு வருஷமாகிறது. ஆக்சிஜன் மெஷின் இல்லாமல் அரைமணி நேரம் தாங்க மாட்டார். கரண்ட் போனால் மெஷின் நின்றுவிடும். அந்தப் பயத்தில்தான் சோலார் போட முடிவு செய்தோம். பேனல் மாட்டும் தம்பி நீட்டிய விலைப்பட்டியலில் பாதியைப் பேட்டரியே விழுங்கியிருந்தது.

"இது எதுக்கு தம்பி? கரண்ட் போறது பகல்லதான். பகல்லதான் வெயில் இருக்கே!"

"பேட்டரிக்கு மானியமும் கிடையாதுக்கா. பேனலுக்கு மட்டும்தான். ஆனா..."

"ஆனாவாவது ஆவன்னாவாவது! எடுத்துடு."

துணியில் கோடு போடும் சிவப்புப் பென்சிலால் அந்த வரியை நானே அடித்தேன். மானியம் போக மிச்சத்துக்கு என் இரண்டு வளையலை விற்றதே போதுமாயிருந்தது. வீட்டுக்காரர் சிரித்தார். "உன்கிட்ட அந்தப் பையன் மாட்டிக்கிட்டு முழிக்கிறான் பாவம்." எனக்கு ஒரே பெருமை. அவசரத்துக்கு வாடகையில் வைத்திருந்த ஆக்சிஜன் சிலிண்டரையும், இனி எதற்குத் தண்டச் செலவு என்று போன வாரம் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

இன்று பதினொன்றரைக்குக் கரண்ட் போனது. பேனல் போட்ட பிறகு போவது இதுதான் முதல் தடவை. மெஷின் கீச்சென்று கத்திவிட்டு நின்றது. சோலார் பார்த்துக்கொள்ளும் என்று நான் பாட்டுக்குச் சட்டைப் பொத்தானுக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தேன். ஒரு நிமிஷம் போயிற்று. மெஷின் ஓடவில்லை. மாடிக்கு ஓடினேன். பேனலில் கை வைக்க முடியவில்லை, அவ்வளவு சூடு. சுவரில் மாட்டியிருந்த சோலார் பெட்டியில் ஒரு விளக்குகூட எரியவில்லை.

தம்பிக்குப் போன் போட்டேன்.

"லைன்ல கரண்ட் இல்லேன்னா சோலாரும் தானா நின்னுடும்க்கா. நம்ம கரண்ட் லைன்ல போயி, கம்பத்துல வேலை பாக்குறவனுக்கு ஷாக் அடிக்கக் கூடாதுல்ல? பேட்டரி வெச்சிருந்தா வீட்டுக்கு மட்டும் ஓடியிருக்கும். அன்னைக்கு அதைத்தான் சொல்ல வந்தேன்."

"ஏதாவது பண்ணுடா தம்பி! அவருக்கு மூச்சு வாங்குதுடா!"

"நான் வந்தாலும் ஒண்ணும் பண்ண முடியாதுக்கா."

அதை வைத்துவிட்டு அடுத்தடுத்துப் போன் போட்டேன். சிலிண்டர் கடைக்காரர் முக்கால் மணி நேரமாகும் என்றார். ஆம்புலன்ஸ்காரர்கள் கிளம்பிவிட்டோம் என்றார்கள். அதையேதான் மறுபடி கூப்பிட்டபோதும் சொன்னார்கள்.

வீட்டுக்காரர் கட்டில் ஓரத்தில், தலையணையில் கையை ஊன்றிக் குனிந்து உட்கார்ந்திருந்தார். உதடு நீலம் பாரித்திருந்தது. சட்டை அளவு அட்டையை எடுத்து விசிறினேன். பாவி, நான் வேறு என்ன செய்ய?

"வெளிய... வெயில்... அடிக்குதா?"

"அடிக்குதுங்க. நல்லா அடிக்குது."

நிம்மதியாகத் தலையாட்டினார்.

"அப்ப... பயப்படாதே. இப்ப... ஓட ஆரம்பிச்சிடும்."

"ஆமாங்க" என்றேன்.

காற்று வராத குழாயை மூக்கில் சரிசெய்துகொண்டு, அவர் மெஷினையே பார்த்தபடி காத்திருந்தார்.