மூன்றாவது கட்டத்தில் கண்ணீர் அஞ்சலி

1

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். கதை எழுத நான் உட்காரவில்லை. 'அனிமேஷனாக வரவேண்டிய பத்துப் பத்திரிகைச் சித்திரத்தொடர்கள்' என்று ஓர் இணைய இதழுக்குப் பட்டியல் போட உட்கார்ந்தேன். ஆறு வரை ஜோராக ஓடியது. ஏழாவதாக 'ஷேர் ஆட்டோ கோதண்டம்' என்று எழுதினேன். கை அங்கேயே நின்றுவிட்டது.

காஞ்சிபுரத்துக்குள் மட்டும் விற்ற ஒரு மாலைப் பேப்பரில் பன்னிரண்டு வருடம் வந்த தொடர். தினம் மூன்று கட்டம். முதல் கட்டத்தில் ஆட்டோவில் ஒருவர் ஏறுவார். இரண்டாவதில் கோதண்டத்திடம் வாயைக் கொடுப்பார். மூன்றாவதில் வாங்கிக் கட்டிக்கொண்டு இறங்குவார். அவ்வளவுதான். ஆனால் ஊரே சிரிக்கும். வரைந்தவர் முனிரத்தினம். செய்தியையும் விளம்பரத்தையும் அடுக்கிப் பக்கம் கட்டியவன் நான். பேப்பர் நின்று ஆறு வருடம் ஆகிறது.

2

முதல் வரி, முதல் முயற்சி: 'முனிரத்தினம் வாய்விட்டுச் சிரித்து யாரும் கேட்டதில்லை.'

பொய். நான் ஒரு முறை கேட்டிருக்கிறேன். அடித்துவிடுங்கள்.

இரண்டாவது முயற்சி: 'சென்னையிலிருந்து போன் வந்தபோது முனிரத்தினம் பல்செட்டைக் கழுவிக்கொண்டிருந்தார்.'

இது இருக்கட்டும். போன் செய்தது சிம்ரன் என்ற பெண், அனிமேஷன் ஸ்டூடியோ நடத்துகிறவள். "சார், கோதண்டத்த நாங்க சீரிஸா பண்றோம். ஆனா ஒரிஜினல் ஃபுல் செட் வேணும்," என்றாள். முனிரத்தினம் ஈரப் பல்செட்டை அப்படியே மாட்டிக்கொண்டார். அறுபத்தெட்டு வயதில் தன் கோதண்டம் வாயசைத்துப் பேசுவதைப் பார்க்கப் போகிறார்! ஆனால் கையில் ஒரு படம் இல்லை. ஆபீஸில் இருந்ததையும் எடைக்குப் போட்டாயிற்று. எல்லாவற்றையும் வெட்டி ஒட்டி வைத்திருப்பதாக எப்போதோ கார்டு போட்டிருந்தது ஒரே ஒரு வாசகர்தான்: ஐயம்பேட்டையில் டெய்லர் கடை வைத்திருக்கும் கலாவதி.

3

(கதைக்குள் போகுமுன் எங்கள் ஆபீஸ் பழக்கம் ஒன்று. கண்ணீர் அஞ்சலி விளம்பரம் வந்தால் கோதண்டத்தின் மூன்றாவது கட்டத்தை எடுத்துவிட்டு அங்கே அதைப் போடுவேன். அளவு கச்சிதமாக உட்காரும். ஆரம்பத்தில் முனிரத்தினம் என்னோடு மல்லுக்கு நின்றார். அப்புறம் பழகிப்போயிற்று. அதற்கப்புறம், முடிவு தோன்றாத நாட்களில் அவரே காலையில் போன் செய்ய ஆரம்பித்தார்: "இன்னிக்கு அஞ்சலி எதுனா இருக்குதா பா?" இருந்தால் இரண்டு கட்டத்தோடு தப்பித்துக்கொள்வார்.)

4

நானும் முனிரத்தினமும் ஐயம்பேட்டைக்குப் போனோம். கலாவதி பட்டுப்புடவை பிளவுஸ் ஒன்றுக்குக் கொக்கி வைத்துக்கொண்டிருந்தார். எழுந்து இருபது நோட்டுகளை மேஜைமேல் அடுக்கினார்.

"எம்பொண்ணு அனு வெட்டி ஒட்டினது சார். ஒண்ணாங்கிளாஸ்லேர்ந்து. அவ போயி எட்டு வருசமாச்சு. அப்புறம் பேப்பர் நிக்கிற வரைக்கும் நான் ஒட்டிக்கினு வந்தேன்."

ஒரு நோட்டைப் பிரித்துக் காட்டினார். முதல் கட்டத்தில் பள்ளிக்கூடப் பை மாட்டிய பெண் ஒருத்தி ஏறுகிறாள். இரண்டாவதில், "எறங்குற எடம் வந்தா நானே சொல்றேண்ணா, நீ ஓட்டு," என்கிறாள். மூன்றாவது இடத்தில் கண்ணீர் அஞ்சலி, அனுவின் போட்டோ. பதினாறு வயது. டெங்கு.

"நோட்டு மொத்தமும் எடுத்துக்கினு போங்க. ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க சார். அன்னிக்கு மூணாவது கட்டத்துல இன்னா வரைஞ்சீங்க? அந்தப் பொண்ணு எறங்கிச்சா? அனு இருந்திருந்தா இதத்தான் கேட்டிருப்பா."

முனிரத்தினம் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார்.

5

கலாவதி நம்பும்படி இருக்கிறாரா என்று எனக்கே சந்தேகமாக இருக்கிறது. ஒரு கார்ட்டூன் கட்டத்தை எட்டு வருடம் ஒருத்தர் நினைத்துக்கொண்டிருப்பாரா? ஆனால் நான் நினைத்துக்கொண்டுதானே இருக்கிறேன்.

முடிவு அ: முனிரத்தினம் அங்கேயே ஒரு தாளில் வரைகிறார். பெண் இறங்குகிறாள், கோதண்டம் கையாட்டுகிறான். கலாவதி கண்ணைத் துடைத்துக்கொள்கிறார். (எழுதும்போது எனக்கும் அழுகை வந்தது. மறுநாள் படித்தால் வெட்கமாக இருந்தது.)

முடிவு ஆ: கலாவதி ஆத்திரத்தில் நோட்டுகளை

வேண்டாம். நடந்ததையே எழுதுகிறேன்.

"வரையவே இல்லமா," என்றார் முனிரத்தினம். "அஞ்சலி வருதுன்னு காலையிலியே தெரியும். ரெண்டோட நிறுத்திட்டேன்."

கலாவதி அந்தப் பக்கத்தைப் பார்த்தார்.

"அப்போ அவ இன்னும் வண்டியிலதான் இருக்குறா," என்றார்.

துணி வெட்டும் கத்தரியை எடுத்து அந்தப் பக்கத்தை மட்டும் வெட்டி வைத்துக்கொண்டார். மற்றதையெல்லாம் ஒரு கட்டைப்பையில் போட்டு, காபி குடித்துவிட்டுப் போகச் சொன்னார்.

6

திரும்பி வரும்போது ஷேர் ஆட்டோவில் முனிரத்தினம் பையை மடியில் வைத்திருந்தார். ஓரிக்கை தாண்டியதும் கேட்டார்.

"அன்னிக்கு நான் சிரிச்சேன் இல்ல பா?"

"ஞாபகம் இல்ல சார்," என்றேன்.

ஞாபகம் இருக்கிறது. அன்று காலை அவர் வழக்கம்போல் போன் செய்தார். "ஒண்ணு இருக்குது சார்," என்றேன். "அப்பாடா!" என்று வாய்விட்டுச் சிரித்தார். என் மேஜையில் அனுவின் போட்டோ இருந்தது. நானும் கூடச் சிரித்தேன்.

7

நோட்டுகள் இப்போது என் வீட்டில் இருக்கின்றன. சிம்ரன் வாரம் ஒரு முறை போன் செய்கிறாள். அந்தச் சிரிப்பைக் கலாவதியிடம் சொல்லாமல் கோதண்டத்தை யாருக்கும் கொடுக்க மாட்டேன் என்கிறார் முனிரத்தினம். போய்ச் சொல்லுங்கள் என்றால், "எந்த மூஞ்சிய வச்சிக்கினு பா?" என்கிறார். எனக்கும் அதே மூஞ்சிதான். பட்டியல் ஏழாவதோடு நிற்கிறது.

அதனால் உங்களிடம் விடுகிறேன். கடை ஐயம்பேட்டை பஸ் ஸ்டாப்புக்கு எதிரில், பச்சை ஷட்டர். மதியம் கூட்டம் இருக்காது. இதைப் படித்த நீங்கள் போய் அவரிடம் சொல்லலாம். இல்லையென்றால் அளவு பிளவுஸைக் கொடுத்துவிட்டு, என்றைக்குக் கிடைக்கும் என்று மட்டும் கேட்டுக்கொண்டு திரும்பி வரலாம்.